முப்பத்தெட்டாவது வளைவில் நின்ற லாரி

கோயமுத்தூரில் நான் எத்தனையோ விதமான டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். இண்டிகேட்டரை இடது பக்கம் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்புகிறவர்கள், மனைவி பின்னால் ஏறினாளா என்று பார்க்காமலே பொள்ளாச்சி வரை போய்விட்டவர்கள், எல்லாரையும் தெரியும். ஆனால் லாரியைக் கொண்டை ஊசி வளைவில் நிறுத்திவிட்டு, 'செத்துப்போனவர் கை காட்டினால்தான் எடுப்பேன்' என்று ஏழு மாதம் உட்கார்ந்திருந்த டிரைவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டுக் கிரேன்காரர். அந்த லாரி என் சுண்டு விரல் நீளம். நின்றது செல்போனுக்குள்.

கிறுக்கு என்பீர்கள். நானும் அதையேதான் சொன்னேன். சொல்லிவிட்டு வசமாக மாட்டிக்கொண்டேன்.

கணபதி பக்கம் ஒரு லைன் வீட்டுக்கு நான் அப்போதுதான் குடி போயிருந்தேன். இந்தப் பக்கம் ஐந்து வீடு, அந்தப் பக்கம் ஐந்து வீடு, நடுவில் ஒரு பைக் போகிற சந்து. குடி போன மூன்றாம் நாள் மேம்பாலத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் ஸ்கூட்டரோடு இறங்கினேன். வலது காலில் முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் அசையக்கூடாது என்றார் டாக்டர். 'எழுதுகிறவனுக்குக் கால் எதற்கு, வீட்டிலிருந்தே அனுப்பு' என்றார் எங்கள் ஆசிரியர். ஆக, காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசற்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டை வேடிக்கை பார்ப்பது என் முழுநேர வேலையாகிவிட்டது.

முதல் நாள் சரியாகப் பத்து மணிக்குச் சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது. சைக்கிளைக் காணோம். எதிர்வீட்டிலிருந்து அறுபது தாண்டிய ஒருவர் வெளியே வந்தார். இடுப்பில் வேட்டி, மேலே பனியன், தலையில் மஞ்சள் நிற இரும்பாலைத் தொப்பி. மணியை மட்டும் கழற்றி இடுப்பில் சொருகியிருந்தார். கையில் ஒரு சாமான். இளவட்டங்கள் போனின் இரண்டு பக்கமும் கவ்வ வைத்து, குமிழ்களைத் திருகித் திருகி விளையாடுவார்களே, அந்தக் கேம் கண்ட்ரோலர். நடுவில் போன். சன்னல் வழியாக வந்த சார்ஜர் ஒயர் அதில் செருகியிருந்தது.

எல்லாம் சரி. போனைத்தான் தப்பாக மாட்டியிருந்தார். திரை வெளிப்பக்கம் பார்த்தது. அவருக்குத் தெரிந்தது போனின் முதுகு மட்டும்.

அவருக்கு எதிரே நான்கடி தள்ளி ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. போன் அதைப் பார்த்தது. அவரும் அதையே பார்த்தார். கட்டைவிரல் இரண்டும் குமிழ்களின் மேல் இருந்தன, ஆனால் அசையவில்லை. போனுக்குள்ளிருந்து நின்றபடியே உறுமுகிற லாரி எஞ்சின் சத்தம் மட்டும் மெல்லியதாக வந்துகொண்டிருந்தது. இப்படியே ஒரு மணி நேரம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனுங்ணா, போனைத் திருப்பி மாட்டிட்டீங்க போலிருக்குது" என்றேன்.

"இல்லீங் தம்பி, சரியாத்தான் மாட்டியிருக்கறேன்."

"அப்பறம் எப்படிங்க பாப்பீங்க?"

"நான் எதுக்குங்க பாக்கோணும்? பாய் பாப்பாருங்க."

"பாய் எங்கீங்க?"

தாடையால் நாற்காலியைக் காட்டினார். "போன மாசியில மவுத் ஆயிட்டாருங்க" என்றார், ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார் என்பதுபோல.

நல்ல வெயில், பகல் பதினொரு மணி. ஆனாலும் எனக்கு முதுகில் ஜில்லென்றது. எனக்குப் பேய், பிசாசில் நம்பிக்கை கிடையாது. அதை அன்றைக்கு எனக்கே இரண்டு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் தைரியம் வந்தது. திரையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நொண்டிக்கொண்டே போனேன். கால் வலித்ததால் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். எதிரே திரை. மூடுபனி மூடிய மலைப்பாதை. இரும்பு ஏற்றிய ஒரு லாரி, முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில். வைப்பர் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது. லாரிக்கு முன்னால் பாதை பனிக்குள் போய்க் காணாமல் போயிருந்தது.

"தம்பி" என்றார் கிரேன்காரர், ரொம்ப மரியாதையாக. "சித்த எந்திரிங்க. பாய் மடியில உக்காந்துபோட்டீங்க."

ஒற்றைக் காலில் ஒரு மனிதன் எவ்வளவு உயரம் எம்ப முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கதையை எனக்குச் சொன்னது அவர் மனைவி சரசக்கா. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

கிரேன்காரர் முப்பது வருடம் ஃபவுண்டரியில் கிரேன் ஓட்டியவர். உச்சியில் தொங்கும் கேபினுக்குள் அவர், கீழே தரையில் காதர் பாய். உருக்கிய இரும்பு நிரம்பிய பெரிய கொப்பரை நடுவில் தொங்கும். மேலே இருப்பவருக்குக் கொப்பரையின் அடி தெரியாது, சத்தத்தில் எதுவும் கேட்காது. அதனால் கிரேன் ஓட்டுகிறவர் சரக்கைப் பார்க்கவே கூடாது, கீழே இருப்பவரின் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். கை விரிந்தால் வா. சாய்ந்தால் அந்தப் பக்கம் திரும்பு. மூடினால் நில். நகர்த்தும் முன் மணி இரண்டு தடவை. பாய்க்குச் சுண்டு விரலில் பாதி கிடையாது. சங்கிலியில் சிக்கிப் போனது. எத்தனை பேர் கீழே நின்றாலும் அந்த அரை விரல்தான் கிரேன்காரருக்கு அடையாளம்.

"ரிட்டேர்டு ஆனதுக்கப்பறம் மனுசனுக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது கண்ணு" என்றார் சரசக்கா. "கிரைண்டர் ஓடுனாக்கூடப் பக்கத்துல நின்னு சுவிச்சையே புடிச்சுட்டிருப்பாரு. புள்ள ஒரு போனு வாங்கிக் குடுத்தா. இவரு விரலு காச்சுப்போன விரலு, தொட்டா போனுக்கே தெரிய மாட்டேங்குது. அப்பறம் காந்திபுரத்துல போயி இதை வாங்கிட்டு வந்தாரு."

கிரேன்காரர் அதற்கு வைத்த பெயர் 'கேபின்'. அதில் மலைப்பாதை லாரி ஆட்டம் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள் மகள். மொத்தம் நாற்பது வளைவு. திரையைப் பார்த்து ஓட்டினார், முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தார். இரண்டு வாரமும் அதே வளைவு, அதே பள்ளம். தன் கண்ணை நம்பி எதையும் நகர்த்தி அவருக்குப் பழக்கமே இல்லை. கடைசியில் கோட்டைமேட்டிலிருந்து பாயை வரவழைத்தார். போனைத் திருப்பி மாட்டினார். பாய் திரையைப் பார்த்துக் கை காட்ட, இவர் கையைப் பார்த்துக் குமிழைத் திருக, முதல் நாளே பதினோரு வளைவு ஏறினார்கள். சந்தில் இருந்தவர்கள் கைதட்டினார்களாம்.

தினமும் பத்து மணிக்குப் பாய் பஸ்ஸில் வந்துவிடுவார். பல மாத முயற்சிக்குப் பிறகு ஒருநாள் முப்பத்தெட்டாவது வளைவு. பாய் கையை மூடினார். கிரேன்காரர் லாரியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டார். கை எப்போது விரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கை விரியவில்லை. அரை மணி நேரம் கழித்து டீ கொண்டுவந்த சரசக்காதான் பாயின் முகத்தைப் பார்த்தார். டம்ளரைக் கீழே போட்டார்.

"அத்தன நேரமும் இவரு கையைத்தான் பாத்துட்டிருந்திருக்கறாரு கண்ணு. மூஞ்சியைப் பாக்கவே இல்ல."

அன்றிலிருந்து லாரி அங்கேயே நிற்கிறது. தொங்குகிற சரக்கை அப்படியே விட்டுவிட்டுக் கேபினை விட்டு இறங்கக் கூடாது என்பது ஃபவுண்டரிச் சட்டம். போனை அணைத்தால் லாரி மறுபடி அடிவாரத்துக்குப் போய்விடும். அதனால் ராவும் பகலும் சார்ஜ். சிம் கார்டைக்கூடக் கழற்றிவிட்டார். யாராவது கூப்பிட்டு லாரி நகர்ந்துவிட்டால்? ஆயுத பூஜைக்குக் கேபினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வழியில்லாமல் கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, பழத்தை நாற்காலியின் கால்களுக்கு அடியில் வைத்தார்.

இனி நான் செய்த அயோக்கியத்தனத்துக்கு வருகிறேன்.

பதினொரு மணிக்குச் சரசக்கா இரண்டு டம்ளர் இஞ்சி டீ கொண்டுவருவார். ஒன்று கிரேன்காரருக்கு. இன்னொன்றை நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைப்பார். ஆறியதும் முருங்கை மரத்துக்கு ஊற்றுவார். புதுக் குடித்தனக்காரனான எனக்கு டீ கொடுக்கிற அளவுக்கு அவர்கள் இன்னும் பழகவில்லை. அந்த வாசனை சந்தைக் கடந்து வந்து என் மூக்கைப் பிடித்து இழுக்கும். முருங்கைக்கு எதற்கு இஞ்சி டீ? நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள், கிரேன்காரர் மாத்திரை போட உள்ளே போன நேரத்தில் நொண்டிக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சரசக்கா வந்து காலி டம்ளரைப் பார்த்தார். கிரேன்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள். சரசக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிப்பு பத்துச்சோ என்னமோ" என்று சத்தமாகவே சொன்னார்.

மறுநாள் டீயில் சர்க்கரை இரண்டு பங்கு. அடுத்த நாள் பக்கத்தில் இரண்டு வர்க்கி. பாய்க்கு இனிப்பு பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதையும் தின்றேன். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வர்க்கி மொறுமொறுவென்று இருந்தது.

வினை அங்கேதான் வந்தது. டீ குடிக்கிறவர் கை காட்ட மாட்டாரா? கிரேன்காரர் ஒரு மணிக்கு முடிக்கும் ஷிஃப்டை ஐந்து மணி வரை நீட்டினார். கண் சிமிட்டக்கூட மறந்து நாற்காலியைப் பார்த்தார். சாப்பாடு உள்ளே போகவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. அந்த ஓயாத எஞ்சின் சத்தம் என் கனவிலும் ஓட ஆரம்பித்தது. டீயைக் குடித்தது நான்தான் என்று சொல்லிவிட ஒவ்வொரு நாளும் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஓசூரிலிருந்து மகள் கவிதா வந்துவிட்டாள். அப்பாவின் கன்னத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அலறினாள். போனின் முதுகு உப்பி, மூடி பிளந்து நின்றது. மாதக்கணக்கில் சார்ஜில் கிடந்து பேட்டரி ஊதிப்போயிருந்தது. கிரேன்காரர் அதைப் பார்க்காமல் இல்லை. அவர் பார்ப்பதே முதுகைத்தானே? சரசக்காவின் தலைமுடி ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றிச் சமாளித்திருந்தார்.

"அப்பா, இது வெடிச்சுருமுங்க! கை போயிரும்!"

"கை போனாப் போகுது அம்மணி. லோடு தொங்குதல்ல?"

"உங்க லோடு கீழ வர்றதுக்குள்ள நீங்க மேல போயிருவீங்க!" என்று அழுதுகொண்டே சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். "இன்னைக்கே ரெண்டு பேரும் என்ற கூட ஓசூருக்கு வர்றீங்க. காரு வந்துருச்சு."

சந்து அமைதியாகிவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடியது. நான் நொண்டிப் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்துதான் திரை தெரியும். ஊதிப்போன பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை. மூலையில் ஒன்பது சதவீதம் என்று காட்டியது.

"ஒம்பதுதான் இருக்குதுங்ணா" என்றேன்.

கிரேன்காரர் நாற்காலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் ஒருக்கா மூஞ்சியைப் பாத்திருந்தா, ஆஸ்பத்திரிக்காச்சும் தூக்கிட்டுப் போயிருப்பனுங்க தம்பி. கையையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். இப்ப இந்த லோடையும் தொங்க உட்டுட்டுப் போனா, பாய்க்கு நான் என்ன ஆளுங்க?"

டீ குடித்த பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்து ஒரு பொய்யைச் செய்தேன். நாற்காலியின் முதுகைத் தாண்டி என் வலது கையை நீட்டி மெல்ல விரித்தேன்.

கிரேன்காரர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கையை எடுங்க தம்பி. அஞ்சு விரலும் முழுசா இருக்குது."

வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டேன். ஒற்றைக் காலில் நின்றதால் தள்ளாடினேன். நாற்காலி முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏழு. ஆறு. கவிதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சரசக்கா கதவைப் பிடித்தபடி நின்றார்.

ஐந்து சதவீதத்தில் கிரேன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்தார். கண் நாற்காலியில், சரியாக ஒரு ஆளின் மார்பு உயரத்தில், நிலைகுத்தி நின்றது. கட்டைவிரல் அசைந்தது.

லாரி நகர்ந்தது.

நான் திரையைப் பார்த்தேன். முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் அரைவட்டம் சுற்றி உள்ளே வந்தது. முப்பத்தொன்பதாவது வளைவு பனிக்குள்ளிருந்து திடீரென்று எழுந்தது. அந்த வளைவை அவரும் பார்த்ததில்லை, பாயும் உயிரோடு இருந்தவரை பார்த்ததில்லை. நான் கத்த வாயைத் திறப்பதற்குள் அவர் குமிழை இடதுபக்கம் ஒடித்தார். லாரி மண் சரிவை உரசிக்கொண்டு தப்பியது. பிறகு நின்றது. ஏன் நிற்கிறது என்று எனக்குப் புரிவதற்குள் எதிரே ஒரு கல் உருண்டு பாதையைக் கடந்தது. மறுபடி நகர்ந்தது. நாற்பதாவது வளைவு. அவர் ஒரு தடவைகூடத் திரையைத் திருப்பிப் பார்க்கவில்லை. என் பிடிக்குள்ளே நாற்காலி லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. நான் நடுங்கியதால்தான் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

உச்சியில் ஒரு சமதரை. லாரி போய் நின்றது. கிரேன்காரர் ஹேண்ட் பிரேக் போட்டார்.

"எறக்கியாச்சுங்க பாய்" என்றார்.

திரை அணைந்தது. ஏழு மாதமாக ஓடிய எஞ்சின் சத்தம் நின்றது. சந்தில் யாரோ குழாயை மூடாமல் விட்ட சத்தம் அப்போதுதான் கேட்டது.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உக்காருங்க தம்பி, கால் வலிக்குமல்ல. பாய் எந்திரிச்சுட்டாருங்க."

உட்கார்ந்தேன்.

கார் கிளம்பும் முன் சரசக்கா என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "ரெண்டாவது வாட்டி சுண்டு விரலை மடிச்சுட்டுக் காமிச்சீங்களே கண்ணு, அத்தன வளைவுக்கும் எப்படிங்க அத்தன கரெக்டாக் காமிச்சீங்க?"

நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்திருந்த தடம் உள்ளங்கைகளில் இன்னும் சிவப்பாக இருந்தது. ஒரு கையை விட்டிருந்தாலும் நான் குப்புற விழுந்திருப்பேன். அதைச் சரசக்காவிடம் சொல்லவில்லை. சும்மா சிரித்து வைத்தேன்.

அவர்கள் போன பிறகு சந்து வெறிச்சென்று ஆகிவிட்டது. பத்து மணிக்கு மணி அடிக்கவில்லை. பதினொரு மணிக்கு இஞ்சி வாசனை வரவில்லை. ஏதோ சொந்தக்காரர் ஊருக்குப் போனதுபோல எனக்கு வேலையே ஓடவில்லை.

ஒரு வாரம் கழித்து ஓசூரிலிருந்து போன் வந்தது.

"ஏனுங் தம்பி, டீ குடிச்சாச்சுங்களா?"

"ஆச்சுங்ணா."

"சர்க்கரை தூக்கலாப் போட்டுத்தானுங்களே?"

காலி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"பாய்க்கு சுகருங்க தம்பி. இருவது வருசமா சர்க்கரையே தொடமாட்டாரு. நான் அஞ்சு மணி வரைக்கும் உக்காந்தது போனு வெடிக்கறதுக்குள்ள லோடை எறக்கத்தானுங்க, டீயைப் பாத்து இல்ல. அந்த இனிப்பு, வர்க்கி எல்லாம் உங்களுக்குத்தான் சரசு வெச்சா. நீங்க நொண்டிட்டு வந்து, இப்படியும் அப்படியும் பாத்துட்டு, மடக்கு மடக்குன்னு குடிக்கறதை நாங்க சன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தோம்."

"அப்ப ஏனுங்க சொல்லலை?"

"சிரிப்பு வந்துச்சுங்க தம்பி" என்றார் கிரேன்காரர். "பாய் போனதுக்கப்பறம் இந்த ஊட்டுல அன்னைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அந்தச் சிவப்பு நாற்காலியை எனக்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். இப்போது அது என் வாசலில் கிடக்கிறது. எனக்குப் பேய், பிசாசில் இன்றைக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனால் தினமும் பதினொரு மணிக்கு டீ டம்ளரோடு அதன் பக்கத்தில் போனால், "பாய், சித்த நகருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். கிரேன்காரர் இங்கே இருந்தால் அதைத்தான் சொல்லச் சொல்லுவார்.